பழைய சட்டையிலிருந்து எந்தச் சின்னம் புதிய சட்டைக்கு வரலாம்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வசிக்கிறீர்கள். குடும்பமே ஸ்கவுட்டிங் அமெரிக்கா என்ற சாரணர் அமைப்பில் இருக்கிறது. உங்கள் மகள் சிறு பிள்ளைகளின் குழுவான கப் ஸ்கவுட் பேக்கை முடித்து, அடுத்த வயதினரின் குழுவான ட்ரூப்புக்குப் போகிறாள். பதினான்கு வயது மகன் ட்ரூப்பில், உச்சப் படியான ஈகிளுக்கு முந்தைய லைஃப் படிநிலையில் இருக்கிறான். இப்போது மூத்த இளைஞர்களுக்கான வென்ச்சரிங் பிரிவின் குழு (க்ரூ) ஒன்றிலும் சேர்ந்திருக்கிறான். நீங்கள் பேக்கினுள் உள்ள சிறு குழுவான டென்னின் தலைவராக இருந்து, இனி ட்ரூப்பில் உதவி ஸ்கவுட்மாஸ்டராகப் போகிறீர்கள். சட்டைகளை மேசையில் விரித்துவைத்துக்கொண்டு இரண்டு மூத்த தலைவர்களிடம் ஆலோசனை கேட்டிருக்கிறீர்கள். ஒருவர், "பிள்ளை உழைத்து வாங்கியது, எல்லாவற்றையும் தைக்கலாம்" என்கிறார். மற்றவர், "பேக்கில் வாங்கியது பேக்கோடு போயிற்று, ஒன்றையும் தைக்கக்கூடாது" என்கிறார். யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் சரியில்லை. ஏன் என்பதை விளக்குகிறேன். காரணம் பிடிபட்டுவிட்டால் ஒவ்வொரு சின்னத்துக்கும் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

சாரணர் சட்டை பிள்ளையின் வாழ்க்கை வரலாறு அல்ல. இன்று இந்தப் பிள்ளை யார், எந்தக் குழுவில் இருக்கிறாள், என்ன பொறுப்பு வகிக்கிறாள், எந்தப் படியில் நிற்கிறாள் என்பதை எதிரில் வருகிறவருக்குச் சொல்வதுதான் அதன் வேலை. அதனால் உறுப்பினர் சின்னமும் பொறுப்புச் சின்னமும் குழு மாறும்போது மாறியே தீர வேண்டும். உழைத்து வாங்கிய சின்னங்கள் பெரும்பாலும் அந்தந்தப் பிரிவின் சட்டையிலேயே தங்கிவிடும். மிகச் சில மட்டும் கூடவே வரும். பெரியவர்களானபின் அவற்றில் சில வேறு உருவத்தில் வரும். அமைப்பு வெளியிடும் விருதுகள், சின்னங்கள் வழிகாட்டி நூலில் உள்ள நூற்றுக்கணக்கான விதிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கருத்திலிருந்து கிளைத்தவைதான்.

மகளிடமிருந்து தொடங்குகிறேன். உங்கள் வீட்டில் இப்போது அதிகம் வருந்தப் போகிறவள் அவள்தான்.

நீலச் சட்டையின் இடது பையில் டைகர், வுல்ஃப், பேர், வெபிலோஸ் என்று வருடத்துக்கு ஒன்றாக அவள் சேர்த்த படிநிலைச் சின்னங்கள் ட்ரூப் சட்டைக்கு வராது. வருவது ஆரோ ஆஃப் லைட் ஒன்றுதான். அதையும் பையின் மேல் தைக்கக்கூடாது. இடது பைக்குக் கீழே, நடுவில் தைக்க வேண்டும். ஏன் இது மட்டும் என்று கேட்பீர்கள். கப் பிரிவின் உச்சப் படி அது. 2024 ஜூன் முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்றே உள்ள படியாகவும் ஆகிவிட்டது. அந்த வருடம் முழுக்க அவள் செய்வது ட்ரூப்புக்குத் தயாராவதுதான். பேக்கிலிருந்து ட்ரூப்புக்குப் போகும் விழாவில் பிள்ளைகள் ஒரு பாலத்தைக் கடப்பார்கள். ஆகவே ட்ரூப் சட்டையிலும் அந்தச் சின்னத்துக்குப் பொருள் இருக்கிறது: "நான் பாலத்தின் அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வந்தவள்" என்கிறது அது. வுல்ஃப் சின்னம் சொல்வது வேறு: "நான் இரண்டாம் வகுப்பில் இருக்கிறேன்." பதினொரு வயதுப் பெண்ணின் சட்டையில் அது உண்மையாக இருக்காது.

அவள் தன் சமய நெறி சார்ந்த விருது ஏதாவது வாங்கியிருந்தால், ஊதா நிறத் துணியில் வெள்ளி முடிச்சு போட்ட அந்தச் சிறு பட்டையும் கூட வரும். அது இடது பைக்கு மேலே இருக்கும். எந்தப் பிரிவில் வாங்கியது என்பதைக் காட்டக் குட்டி உலோக ஊசிகள் உண்டு. கப் வயதில் வாங்கியிருந்தால் கப் ஊசியை அதில் குத்திக்கொள்ளலாம். உலக சாரணர் சின்னம் எல்லாச் சட்டையிலும் உண்டு. ஊதா வட்டம், நடுவில் வெள்ளை அல்லி மலர், அதைச் சுற்றிக் கயிறு, கயிற்றின் கீழே ஒரு சதுர முடிச்சு. அதைப் பிரித்துவிட்டுத் திரும்ப வாங்கித் தைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தேவையே இல்லை.

மகள் வெபிலோஸ் வயதிலேயே ட்ரூப்பில் அணியும் பழுப்புச் சட்டைக்கு மாறியிருந்தால் புதுச் சட்டை வாங்க வேண்டாம். வெபிலோஸ் வயதில் நீலம், பழுப்பு இரண்டில் எதையும் அணியலாம் என்பதால் பல குடும்பங்கள் அப்படித்தான் செய்கின்றன. சட்டையின் நிறத்தை வைத்துப் பிரிவைத் தீர்மானிப்பது வழக்கமான தவறு. பிரிவைச் சொல்வது தோள் வளையம். நீலம் என்றால் கப். ஆலிவ் சாயலுள்ள காட்டுப் பச்சை என்றால் ட்ரூப். மரகதப் பச்சை என்றால் வென்ச்சரிங். வெள்ளி என்றால் மாவட்டம் அல்லது கவுன்சில் (அமைப்பின் வட்டாரக் கிளை) பொறுப்பு, பொன்னிறம் என்றால் தேசியப் பொறுப்பு. நீல வளையத்தைக் கழற்றிப் பச்சையை மாட்டுங்கள், பேக் எண்ணை எடுத்து ட்ரூப் எண்ணைத் தையுங்கள், வலது கையில் டென் சின்னத்தின் இடத்தில் அணிச் சின்னத்தை (அணி என்பது ட்ரூப்பினுள் உள்ள சிறு குழு) வையுங்கள். கவுன்சில் மாறாவிட்டால் இடது தோளில் உள்ள கவுன்சில் சின்னத்தைத் தொட வேண்டாம்.

இத்தனையும் செய்தபின் இடது பை வெறுமையாக நிற்கும். இந்த இடத்தில் பெற்றோர் பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். ஐந்து வருடம் நிறைந்திருந்த பை அது. வெறுமையாகப் பார்த்தால் பிள்ளையின் உழைப்பையே யாரோ அழித்துவிட்டதுபோல் தோன்றுகிறது. சிலர் முதல் கூட்டத்துக்கு ஆரோ ஆஃப் லைட்டைப் பையின் மேலேயே தைத்து அனுப்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். அந்த வெறும் பைக்கு ஒரு பெருமை இருக்கிறது. ட்ரூப்பில் முதல் படிக்கே ஸ்கவுட் என்றுதான் பெயர். உறுதிமொழியும் சாரணர் நெறியும் சொல்லி, முடிச்சுப் போட்டுக்காட்டி, சில வாரங்களில் அவளே அதைப் பெறுவாள். பிறகு டெண்டர்ஃபுட், செகண்ட் கிளாஸ், ஃபர்ஸ்ட் கிளாஸ், ஸ்டார், லைஃப், ஈகிள் என்று ஒவ்வொன்றும் முந்தையதைப் பெயர்த்துவிட்டு அதே இடத்தில் அமரும். பழையதை விட்டுக்கொடுத்துத்தான் புதியது வருகிறது என்பதை அந்தப் பை அவளுக்கு ஆறு முறை சொல்லித்தரும். நீலச் சட்டையை வெட்டிப் பிரிக்காமல் அப்படியே மடித்து வையுங்கள். இல்லாவிட்டால் சின்னங்களை ஒரு போர்வையில் தையுங்கள். முகாம் நெருப்பருகே அந்தப் போர்வையைப் போர்த்திக்கொள்ளும் மூத்த சாரணர்கள் நிறையப் பேர்.

மகன் விஷயம் வேறு. அவன் ஒன்றைவிட்டு இன்னொன்றுக்குப் போகவில்லை. ஒரே நேரத்தில் இரண்டிலும் இருக்கிறான். இதற்குச் சுலபமான, சரியான விடை இரண்டு சட்டை. ஒரே பழுப்புச் சட்டையில் வளையத்தை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுச் சமாளிக்கலாம் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அப்படிப் போட்டால் இடது கையில் ட்ரூப் எண் இருக்கும்போது தோளில் க்ரூவின் நிறம் இருக்கும். சட்டையே தனக்குத் தானே முரண்படும்.

பழுப்புச் சட்டையில் அவனுடைய லைஃப் சின்னம், அணிச் சின்னம், ட்ரூப் எண், அங்கே வகிக்கும் பொறுப்பு. வென்ச்சரிங்கின் பச்சைச் சட்டையில் க்ரூ எண்ணும் க்ரூவில் பொறுப்பு ஏதும் இருந்தால் அதுவும். அணிச் சின்னம் அங்கே போகாது. வென்ச்சரிங்கில் அணி என்ற அமைப்பே இல்லை. மெரிட் பேட்ஜ்களை (தனித்தனித் துறைகளில் தேறியதற்கான வட்டச் சின்னங்கள்) தைக்கும் குறுக்குப் பட்டையும் ட்ரூப் சட்டையோடு இருக்கட்டும். ஆர்டர் ஆஃப் தி ஏரோவில் அவன் உறுப்பினர் என்றால் அதன் லாட்ஜ் (உள்ளூர்க் கிளை) சின்னத்தை இரண்டு சட்டையிலும் வலது பை மடிப்பில் தைக்கலாம். 1915ல் தொடங்கிய அந்தக் கௌரவ அமைப்பில் 2019 பிப்ரவரி முதல் வென்ச்சரிங் இளைஞர்களையும் தேர்ந்தெடுக்கிறார்கள். வெள்ளைத் துணியில் சிவப்பு அம்பு உள்ள அதன் குறுக்குப் பட்டையை மட்டும் அந்த அமைப்பின் நிகழ்ச்சிகளுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மெரிட் பேட்ஜ் பட்டையோடு சேர்த்து இரண்டையும் மாட்டிக்கொண்டு வருவதும், ஒன்றை மடித்து இடுப்பு பெல்ட்டில் தொங்கவிடுவதும் தவறு.

ட்ரூப், க்ரூ சட்டைகளின் இடது பையில் ஒரு படிநிலைக்குத்தான் இடம். 1998ல் தொடங்கிய வென்ச்சரிங்குக்கு 2014 முதல் சொந்தப் படிகள் உள்ளன: வென்ச்சரிங், டிஸ்கவரி, பாத்ஃபைண்டர், சம்மிட். பச்சைச் சட்டையில் அந்தப் படிகளையே தைக்கும்படி நான் பிள்ளைகளிடம் வற்புறுத்துவேன். லைஃப் வரை ஏறியவனுக்கு மீண்டும் முதல் படியிலிருந்து தொடங்குவது கசக்கும். ஆனால் க்ரூவில் அவன் பக்கத்தில் நிற்கும் பெண்ணோ பையனோ ட்ரூப் பக்கமே வராதவராக இருக்கலாம். இருவரும் ஒரே ஏணியின் ஒரே படியில் நிற்கிறார்கள் என்பது அங்கே முக்கியம். அவனுடைய ஈகிள் முயற்சிக்கு இதனால் எந்தத் தடையும் இல்லை. ட்ரூப்பில் ஃபர்ஸ்ட் கிளாஸைத் தாண்டியவன் க்ரூவில் இருந்தபடியேகூடப் பதினெட்டு வயதுவரை ஈகிளுக்கு உழைக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். க்ரூக்கள் தங்களுக்கென்று உடையைத் தாங்களே தீர்மானிக்கலாம். பச்சைச் சட்டையும் கருஞ்சாம்பல் நிறக் கால்சட்டையும் பரிந்துரைதான். ஆகவே சட்டை வாங்கும் முன் க்ரூவைக் கேளுங்கள்.

நான்கு வருடம் கழித்து அவன் பதினெட்டைத் தொடும்போது உங்கள் வீட்டில் இதே வாதம் மறுபடியும் வரும். இப்போதே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் அதிகம் குழப்பமும் மனக்கசப்பும் அந்த வயதில்தான் நேர்கின்றன. வென்ச்சரிங்கில் இருபது வயதுவரை இளைஞர்களாகவே பங்கேற்கலாம். ட்ரூப்பிலோ பதினெட்டாம் பிறந்தநாளோடு அவன் பெரியவன். தொடர்ந்தால் தலைவர்களில் ஒருவனாகத்தான் தொடர வேண்டும். ஒரே வாரத்தில் செவ்வாய்க்கிழமை பெரியவன், வியாழக்கிழமை இளைஞன். பழுப்புச் சட்டையில் படிநிலைச் சின்னமும் மெரிட் பேட்ஜ் பட்டையும் அன்றோடு முடிந்தன. ஈகிள் வாங்கியிருந்தால் பையிலுள்ள நீள்வட்டச் சின்னத்தை எடுத்துவிட்டு, சிவப்பு, வெள்ளை, நீலம் சேர்ந்த முடிச்சுப் பட்டையைப் பைக்கு மேலே தைக்க வேண்டும். ஆரோ ஆஃப் லைட்டுக்கும் அப்படி ஒரு முடிச்சு உண்டு.

அந்த முடிச்சுப் பட்டைகள் எனக்கு மிகவும் பிடித்தவை. விரல் நீளத்துக்குக்கூட வராத துணியில் சிறுவயது முழுவதும் அடங்கியிருக்கிறது. பதினாறு வயதில் மார்பில் பெரிதாகத் தெரிந்த கழுகு, தலைவரானபின் சிறு முடிச்சாகச் சுருங்கிவிடுகிறது. ஏன் என்றால் கூட்டத்தில் எல்லோரும் பார்க்க வேண்டியது எதிரில் நிற்கும் பிள்ளையின் சின்னத்தை, தலைவருடையதை அல்ல. பெரியவர்கள் இளைஞர் சின்னங்களை அணியக்கூடாது என்ற விதியில் நான் சிறிதும் விட்டுக்கொடுக்காததற்கு இதுதான் காரணம்.

இனி உங்கள் சட்டை. டென் தலைவராக இருந்தபோது வாங்கிய தலைமைப் பயிற்சி விருதுகளின் முடிச்சுப் பட்டைகளைத் தாராளமாக உதவி ஸ்கவுட்மாஸ்டர் சட்டையிலும் தைக்கலாம். வரிசைக்கு மூன்றாக, இடது பைக்கு மேலே. இளைஞர் சின்னத்துக்கும் பெரியவர் விருதுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: முடிச்சு நபரைச் சேர்ந்தது, பிரிவைச் சேர்ந்தது அல்ல. எந்தப் பிரிவில் வாங்கியது என்பதைச் சிற்றூசி சொல்லிவிடும்.

பொறுப்புச் சின்னம் ஒன்றே ஒன்று. நீங்கள் பேக்கிலும் ட்ரூப்பிலும் சேர்ந்து பணிபுரிந்தாலும் இடது கையில் ஒன்றைத்தான் தைக்க முடியும். பெரும்பாலானோர் இதற்காகவே இரண்டு சட்டை வைத்திருக்கிறார்கள்.

அதன் கீழே "பயிற்சி பெற்றவர்" என்ற சிறு பட்டை இருக்கும். அதில் கவனமாக இருங்கள். நான் டென் தலைவர் பொறுப்பிலிருந்து ட்ரூப்புக்கு வந்தபோது மேலே உள்ள பொறுப்புச் சின்னத்தை மட்டும் மாற்றினேன். கீழே பட்டையை அப்படியே விட்டுவிட்டேன். பயிற்சி பெற்றவன்தானே என்று எண்ணினேன். கூட்டம் முடிந்து எல்லோரும் நாற்காலிகளை மடித்து வைத்துவிட்டுப் போனபின், குழுக்களுக்கு வழிகாட்ட வரும் வயதான கமிஷனர் ஒருவர் என் அருகில் வந்து தாழ்ந்த குரலில் விளக்கினார். அந்தப் பட்டை அதற்கு மேலுள்ள பொறுப்புக்கு மட்டுமே பேசுகிறது. பிள்ளையை மூன்று நாள் காட்டுக்கு என்னை நம்பி அனுப்பும் ஒரு தாய், அதைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவாள். நான் இன்னும் வெளிப்புறத் திறன் பயிற்சியை முடிக்கவில்லை. அன்று இரவே பட்டையைப் பிரித்தேன். பயிற்சி முடித்தபின்தான் திரும்பத் தைத்தேன். சின்னம் அலங்காரம் அல்ல, வாக்குறுதி என்று எனக்கு உறைத்த நாள் அது.

தலைவர்களுக்கான உயர்நிலைப் பயிற்சியான வுட் பேட்ஜை முடித்திருந்தால் அதன் அடையாளமான மணிகளை எந்தச் சட்டையோடும் அணியலாம். கழுத்துத் துணி மட்டும் ஒன்றுதான். பிள்ளைகள் ட்ரூப்பின் துணியை அணிந்து நிற்கும் வாராந்திரக் கூட்டத்தில் நீங்களும் அதையே அணிவது நல்லது என்பது என் கருத்து.

வலது பையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முகாம், விழா, நடைபயணம் என்று கிடைக்கும் தற்காலிகச் சின்னங்களுக்கான இடம் அது. ஒரு நேரத்தில் ஒன்று. ஜம்போரி (சாரணர்களின் பெருந்திரள் முகாம்) சின்னம் பைக்கு மேலே, அதுவும் ஒன்றுதான்.

மகளின் தோழி கேர்ள் ஸ்கவுட்ஸில் வாங்கிய சின்னங்களை ட்ரூப் சட்டையில் தைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கூடாது. அது 1912ல் ஜூலியட் கார்டன் லோ தொடங்கிய தனி அமைப்பு. முன்பு பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா என்றிருந்து 2025 பிப்ரவரி 8 முதல் ஸ்கவுட்டிங் அமெரிக்கா என்ற பெயரில் இயங்கும் நம் அமைப்போடு அதற்குத் தொடர்பில்லை. உலக அளவிலும் இரண்டும் வெவ்வேறு கூட்டமைப்புகளைச் சேர்ந்தவை. அவர்களுடையது மூவிலைச் சின்னம், நம்முடையது அல்லி மலர். அந்தச் சின்னங்களின் மதிப்பு குறைவு என்பதல்ல இதன் பொருள். அவற்றுக்கென்று உடுப்பு இருக்கிறது, அங்கே இருந்தால்தான் அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் படிப்பார்கள்.

கடைசியாக, உங்கள் குழுவில் எழுந்த வாதத்தைப் பற்றி. விதியில் சரியாக இருந்தும் முறையில் தவறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் டெண்டர்ஃபுட். சட்டையின் இடது பையில் ஈகிள் சின்னத்தோடு வந்தான். இறந்துபோன தாத்தாவுடையது. ஒரு தலைவர் எல்லோர் முன்னிலையிலும் அவனை நிறுத்தி, "இது உன்னுடையதல்ல, கழற்று" என்றார். உண்மைதான், அது அவனுடையதல்ல. ஆனால் அடுத்த மூன்று கூட்டங்களுக்கு அவன் வரவில்லை.

பிறகு அவன் வீட்டுக்குப் போய்ப் பேசினோம். தாத்தாவின் பழைய சட்டையை அவன் அணிய எந்தத் தடையும் இல்லை என்று சொன்னேன். ஒருமுறை அதிகாரபூர்வமாக இருந்த சீருடை பிறகும் செல்லும். 2008க்கு முந்தைய சட்டை என்பதால் அதில் அன்றைய ட்ரூப் நிறமான சிவப்பில் தோள் வளையம் இருந்தது, அதைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. கழுத்துத் துணியை இறுக்கும் வளையத்துக்கு இந்த மாதிரிதான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. தாத்தா மரத்தில் செதுக்கியதையே அணியச் சொன்னோம். ஈகிள் சின்னம் மட்டும் ஒரு சட்டத்துக்குள் போயிற்று. அவன் அந்தப் படியை எட்டும் நாளில் விழா மேடையில் அது அவன் முன்னால் இருக்கும் என்று அவன் பாட்டி சொன்னார். அடுத்த வாரம் சிவப்பு வளையத்தோடு அவன் திரும்பி வந்தான்.

ஆகவே அந்த இரண்டு தலைவர்களில் ஒருவர் உங்கள் மகளின் சட்டையைப் பார்த்து ஏதாவது சொல்ல வந்தால், அவளிடம் அல்ல, உங்களிடம் தனியே சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள். ட்ரூப்பில் நீங்களும் இனி ஒரு தலைவர். நாளை வேறொரு பிள்ளையின் சட்டையில் தவறு உங்கள் கண்ணில் படும்போது இதே மரியாதையை அவர்களுக்கும் கொடுங்கள்.

பாலம் கடக்கும் விழாவுக்கு முந்தைய வாரமே தையலை முடித்துவிடுங்கள். ஆரோ ஆஃப் லைட்டை முதலில் ஊசியால் குத்தி, சட்டையை அவளுக்கு மாட்டி, பைக்குக் கீழே நடுவில் நிற்கிறதா என்று பார்த்தபின் தையுங்கள். மேசையில் நேராகத் தெரிவது உடம்பில் சரிந்து போகும். அவளுக்கு ஊசி பிடிக்கத் தெரிந்தால் அந்த ஒரு சின்னத்தையாவது அவளே தைக்கட்டும்.